காதுக்கு ஒரு காது

ஜேக்கப்ஸ் ஆலையில் இருபத்தாறு ஆண்டுகள்
தறிகள் தின்றது போக மிஞ்சிய காதுக்கு
சாட்ஸ்வர்த் கடையொன்றில்
இருபத்துநான்கு தவணையில்
அவரைக்கொட்டை அளவு கருவிகள் இரண்டு வாங்கினேன்.
'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானைக்
கடைப் பையனே அழுத்தினான்.
அறுபத்தொரு பக்கம், ஆன்ட்டி, யாரும் படிக்கிறதில்லை.
சிரித்தான்.
சிரிப்பு கேட்டதே என்று நானும் சிரித்தேன்.

முதல் வாரம் முழுக்க
கடுகு வெடித்தது,
கூரைத் தகரத்தில் மைனாவின் நகம்,
ஹிக்கின்சன் சாலையில் டாக்ஸிக்காரர்களின் ஹார்ன்,
லோகன் தேநீர் உறிஞ்சுவது
(இது மட்டும் கேட்காமலே இருந்திருக்கலாம்).

இருபத்தைந்தாம் மாதம் ஒரு செய்தி.
அன்புள்ள கோகி.

கோகிலாம்பாள் கோவெண்டர் என்றுதான் கையெழுத்திட்டிருந்தேன்.
கோகி என்று கூப்பிட
உலகத்தில் ஒருவருக்குத்தான் உரிமை,
அதுவும் கோபமில்லாத நாட்களில்.

அன்புள்ள கோகி,
'தெளிந்த உரையாடல்' இலவசக் காலம் முடிந்தது.
இனி மாதம் நூற்று நாற்பத்தொன்பது ரேண்ட்.

கட்டவில்லை.
அன்று மாலையே எல்லாருடைய பேச்சின்மேலும்
ஈரச் சாக்கு ஒன்று விழுந்தது.
கருவி கெடவில்லை.
எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்தபடி யாரோ
என் காதுக்குள் ஒரு கதவைச் சாத்தியிருந்தார்கள்.
கடைசித் தவணைவரை கட்டி முடித்த காது!

கட்டினேன்.

நன்றி சொல்லி ஓர் அறிக்கை வந்தது.
'இந்த மாதம் உங்கள் ஒலிகள்':
மனிதக் குரல் நாற்பத்தொரு மணி நேரம்,
தொலைக்காட்சி நூற்றுப் பன்னிரண்டு,
நாய் குரைப்பு, கூடவே ஒரு குட்டி நாயின் படம்,
அழுகை மூன்று.

இந்த மாதம் நான் அழவில்லையே.

விரல் வைத்ததும் விரிந்தது:
செவ்வாய், இரவு இரண்டு பத்து, பதினொரு நிமிடம்.
வியாழன், இரண்டு நாற்பது.
அடுத்த செவ்வாய், நான்கே நிமிடம்.

பெட்டியில் வைக்க மறந்து
கட்டிலோரம் ஸ்டூலில் போட்டுவிட்ட இரவுகள்.
நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.
என் காது விழித்திருந்தது.
அறையில் இருந்தது நாங்கள் இரண்டே பேர்.

மறுநாள் கார் சாவியை எடுத்துக்கொண்டு போனேன்.
டாஷ்போர்டுக்குள்
நான்காய் மடித்த கடிதம். வேலை போய் மூன்று வாரம்.
மூன்று வாரமும் ஏழு மணிக்குச் சோற்றுப் பெட்டியோடு
எங்கே போனார் லோகன்?

எனக்கு முன்னால் ஒரு கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது,
நாய்ப் படத்துக்குக் கீழே.

சுவருக்கும் காது உண்டென்று
குரல் தாழ்த்திப் பேசிப் பழகிய குடும்பம்தான்.
அந்தக் காலத்தில் போலீசுக்காக.
காதுக்கே ஒரு காது முளைக்குமென்று
ஒருவரும் சொல்லிவைக்கவில்லை.

அழித்துவிடுங்கள், அது என் வீட்டு அழுகை,
சட்டம் இருக்கிறது என்று எழுதினேன்.
இரண்டே நிமிடத்தில், மனிதர் எவரும் எழுதாத பதில்:
அன்புள்ள கோகி, அழிக்கலாம்.
அழித்தால் கருவி இயங்காது.

இப்போதெல்லாம் இரவில்
இரண்டையும் அரிசி டின்னுக்குள் போட்டு மூடுகிறேன்.
அரிசியைக் கேட்கட்டும்.
அவர் முதுகில் கை வைத்தபடி படுக்கிறேன்.
நேற்று அது குலுங்கியது, வெகுநேரம்.
உள்ளங்கைக்கு யாரும் பில் போடவில்லை, இன்றுவரை.

இன்று காலை புது அறிக்கை:
அழுகை பூஜ்யம். வாழ்த்துகள், கோகி!
பக்கத்தில் ஒரு மஞ்சள் கட்டைவிரல்.

மேசைமேல் புகார்ப் படிவம் கிடக்கிறது.
பெயர், முகவரி, கருவியின் எண், நிரப்பிவிட்டேன்.
'உங்களுக்கு நேர்ந்த இழப்பு' என்பதற்கு
இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள்.
அதில் என்ன எழுதினாலும் அவருடையதையும் எழுதவேண்டி வரும்.

அறுபத்தொரு பக்கத்தில் யாரும் அவரைக் கேட்கவில்லை.
தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது.
நான் கேட்க வேண்டும்.